நார்மல் என்று சொன்ன கணினி

1

என் மகள் கலைச்செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை என் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். இலக்கணப் பிழை இருந்தால் மட்டும் திருத்தித் தரச் சொன்னாள். டொராண்டோவுக்கு வெளியே ஒரு புறநகரில், அவள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் வசிக்கிறேன். வீடுகளின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை விற்கும் நிறுவனத்தில், ஒப்பந்தங்கள் எழுதும் பிரிவில் அவள் வேலை பார்க்கிறாள். விதிமுறை எழுதுவதும் எழுதியதில் ஓட்டை பார்ப்பதும் ஆயுள் முழுக்க என் தொழிலாக இருந்ததால், வீட்டுக்குள்ளேயே இலவசமாகக் கிடைக்கும் ஆளை அவள் பயன்படுத்திக்கொள்வது நியாயந்தான்.

நான்காம் பக்கத்தில் என் பேனா நின்றது. வாங்குகிறவர் இந்த மென்பொருளைப் பிரிக்கவோ, பகுத்துப் பார்க்கவோ, அது உள்ளே எப்படி இயங்குகிறது என்று அறிய முயலவோ கூடாது என்று ஒரு வரி. நான் அதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'ஏன்?' என்று எழுதினேன்.

"அப்பா, நான் கிராமர் மட்டும் பாக்கச் சொன்னேன்."

"கிராமர் சரியாத்தான் இருக்கு. அதான் கோபம் வருது."

உலகத்தில் எல்லா மென்பொருள் ஒப்பந்தத்திலும் இருக்கும் வரி அது என்றாள். அந்த வரியை மீறுகிறவர்கள் திருடர்கள், அடுத்தவர் மூளையைத் திருடுகிறவர்கள் என்றும் சொன்னாள். அப்பா ஒரு காலத்தில் அந்த மாதிரி எதையோ செய்துகொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்துத் தரை முழுக்க நீளக் காகிதம் விரித்து, கலர் பென்சிலோடு மண்டி போட்டிருந்த அப்பாவைத் தாண்டித்தான் அவள் டியூஷனுக்குப் போனாள். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

2

தொண்ணூறுகளின் கடைசியில் எண்ணூர் நெடுஞ்சாலையில், திருவொற்றியூரைத் தாண்டி, ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நான் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். கணிதத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு, பண்டகசாலைக்குக் கொள்முதல் ஆணையும் தொழிலாளிக்கு மெமோவும் எழுதிக்கொண்டிருந்தவன். எங்களிடம் பெரிய அம்மோனியாத் தொட்டி ஒன்று இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் மீனவர் குப்பம். குப்பத்துக்கு அந்தப் பக்கம் கடல்.

தொட்டியைச் சுற்றி வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவிகளை வைத்து, அவற்றை ஒரு கணினியோடு இணைத்திருந்தார்கள். வாயு கசிந்தால் திரை சிவப்பாகும். சைரன் தானாக அலறும். இல்லாவிட்டால் பச்சை எழுத்தில் 'நார்மல்'. ஊரே இரண்டாயிரமாம் ஆண்டைக் கணினிகள் தாங்குமா என்று பயந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் கணினியின் நெற்றியில், தாங்கும் என்று சான்றிதழ் ஒட்டியிருந்தார்கள். வாயுவைக் கண்டுபிடிக்குமா என்று யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

ஒருநாள் மாலை, கௌதமன் என்ற ஆபரேட்டர் கையால் சைரனை அழுத்திவிட்டான். வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவன். வாய் கொஞ்சம் நீளம். மேலதிகாரிகளுக்கு அவனைப் பிடிக்காது. சைரன் சத்தம் கேட்டுக் குப்பமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஏலத்துக்கு வைத்த மீன் மணலில் கிடந்தது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றுபோயின. தொழிற்சாலையை நிறுத்தவேண்டியதாயிற்று. கணினியைப் பார்த்தால், 'நார்மல்'. அதிலிருந்து எடுத்த அச்சுத்தாளிலும் வரிக்கு வரி 'நார்மல்'.

மறுநாளே கௌதமனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். காரணமின்றிப் பீதி கிளப்பி உற்பத்தியை நிறுத்தினான் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் டிஸ்மிஸ். விசாரணை அதிகாரியாக என்னைப் போட்டார்கள். எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் அவகாசம், எந்தத் தாளில் யார் கையெழுத்து என்று எனக்கு மனப்பாடம். என் அறிக்கை எந்த நீதிமன்றத்திலும் உடையாது என்று பெயர்.

3

முதல் அமர்வில் பர்சனல் மேனேஜர் ஒரே ஒரு சாட்சியத்தை வைத்தார். கணினியின் அச்சுத்தாள். மனிதன் பொய் சொல்வான், இயந்திரம் சொல்லாது என்று ஒரு வாக்கியமும் சேர்த்துச் சொன்னார்.

கௌதமனிடம் என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"கண்ணு எரியுது சார், தொண்ட அடைக்குது. பக்கத்துல நிக்கிறவன் வாந்தி எடுத்துகினு கீறான். கம்ப்யூட்டரு நார்மல்னு சொல்லுது. நான் இன்னா பண்ணணும், என் கண்ணுக்கு மெமோ குடுக்கணுமா?"

பர்சனல் மேனேஜர் அதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்றார். நான் ஏற்றினேன்.

இந்த வேலை எவ்வளவு எளிது பாருங்கள். ஒருபக்கம் அச்சுத்தாள். மறுபக்கம், ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கிய ஒருவனின் கண். வாந்தியெடுத்த சகதொழிலாளி, அன்றைக்கு மதியம் சாப்பிட்டது சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். குப்பத்துக்காரர்களை உள்ளே அழைத்துச் சாட்சி கேட்க வழியில்லை. நான் அன்று மாலையே அறிக்கையை முடித்திருக்கலாம். கௌதமன் வேலை போயிருக்கும். அதைவிட முக்கியம், அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலையில் எவன் கையும் சைரன் பக்கம் போயிருக்காது.

அந்த அச்சுத்தாள் எப்படி உண்டாகிறது என்று தெரியாமல் அதைச் சாட்சியமாக ஏற்க மனம் வரவில்லை. மென்பொருள் கொடுத்த நிறுவனத்துக்கு, எந்த அளவு வாயு எவ்வளவு நேரம் இருந்தால் உங்கள் நிரல் எச்சரிக்கும் என்று ஒரு கேள்வி அனுப்பினேன். இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு பதில் வந்தது. அது வர்த்தக ரகசியமாம். ஒப்பந்தத்தைப் பார்க்கவும் என்றிருந்தது. பார்த்தேன். மகளின் நான்காம் பக்கத்தில் இருக்கும் அதே வரி, ஒரு காற்புள்ளிகூட மாறாமல்.

கசிந்தால் சாகப்போகிறவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். எப்போது அவர்களிடம் சொல்வது என்பது ரகசியம். இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அந்த ஒப்பந்தத்திலேயே இன்னொரு வரி இருந்தது. வாங்கியவர் காப்புப் பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அதை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதவில்லை. நான் என் வீட்டுக் கணினியில் வைத்தேன்.

4

நிரலை மனிதன் எழுதும்போது அது ஓரளவு படிக்கும்படியான மொழியில் இருக்கும். விற்பதற்கு முன் அதை இயந்திரத்துக்கான எண்களாக மாற்றிவிடுவார்கள். நம் கைக்கு வருவது எண்கள் மட்டும். எண்களிலிருந்து பின்னோக்கி நடந்து, எழுதினவன் என்ன நினைத்தான் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்று பெயர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், யாரும் சொல்லித்தராமல், இதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால், முடியும். கோபம் வேண்டும். கணிதம் படித்திருந்தால் கோபத்தை ஒழுங்காகச் செலவழிக்கலாம்.

முதலில் பர்மா பஜாருக்குப் போனேன். எண்களை இயந்திரக் கட்டளைகளாகப் பிரித்துக் காட்டும் மென்பொருள் வேண்டும் என்றேன். கடைக்காரர் என் நரைமுடியையும் கறுப்புத் தோல்பையையும் பார்த்தார்.

"இன்னா நைனா, இந்த வயசுல பூட்ட ஒடைக்கிற சிடி கேக்குற. வூட்ல அம்மாவுக்குத் தெரிமா?"

"உடைக்க இல்லப்பா. படிக்க."

"எல்லாரும் அத்தான் சொல்றாங்கோ."

சொன்னாரே தவிர, எடுத்துக் கொடுத்தார். பழைய புத்தகக் கடையில் அட்டை போன ப்ராசஸர் விளக்கநூல் ஒன்றும் கிடைத்தது. அந்த நூல்தான் என் ஆசிரியர். அதைப்போல வறட்டு ஆசிரியரை நான் பள்ளியிலும் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் எல்லாரும் செய்யும் தவற்றை நானும் செய்தேன். கோப்பை முதல் எண்ணிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினேன். அலுவலகக் கோப்பை அப்படித்தானே படிப்போம். பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. விசித்திரமான கட்டளைகள் வந்தன. கூட்டியதை உடனே கழித்தன, இல்லாத இடத்துக்குத் தாவின. எழுதினவன் குடித்திருந்தானோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நான் படித்துக்கொண்டிருந்தது கட்டளைகளே அல்ல. திரையில் காட்டுவதற்காக வைத்திருந்த ஆங்கில வாசகங்கள். பிரித்துக் காட்டும் கருவிக்கு எண் என்றால் எண்தான். வாசகத்தைக் கொடுத்தாலும் கட்டளையாக்கித் தரும்.

கோபத்தை அடக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். நானே மூன்று வரியில் ஒரு நிரல் எழுதி, அதை எண்களாக மாற்றி, அந்த எண்களைப் பிரித்துப் படித்தேன். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பது போல. பிறகு ஒரு நிபந்தனை சேர்த்தேன்: இது பெரியதாக இருந்தால் அதைச் செய். எண்களில் அது எப்படி மாறுகிறது? ஓர் ஒப்பீடு, ஒரு தாவல். அவ்வளவுதான். அடுத்து ஒரு சுழற்சி. அடுத்து நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைப்பது. இப்படிச் சிறியதிலிருந்து போனதில் ஒன்று விளங்கியது. இயந்திரத்துக்கு மிகச் சில பழக்கங்கள்தான் உண்டு. பழக்கம் தெரிந்துவிட்டால், எழுதினவனின் கையெழுத்தே தெரிய ஆரம்பிக்கும். கலைச்செல்வி தாண்டிப் போன கலர் பென்சில் காகிதங்கள் அவைதாம். ஒப்பீடுகளுக்குச் சிவப்பு, தாவல்களுக்குப் பச்சை.

5

நடுவில் இன்றைய கதை ஒன்று. இங்கே நூலக அட்டை வாங்க, நான் இந்த வீட்டில் வசிக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எல்லாம் மகள் பெயரில். எனக்கு வரும் ஒரே கடிதம், ஓய்வூதியத்துக்காக நான் உயிரோடிருப்பதை நிரூபிக்கச் சொல்லி ஊரிலிருந்து வருவது. அதைக் காட்டினேன். உயிரோடிருப்பது வசிப்பதற்கு ஆதாரமாகாது என்று நூலகத்துப் பெண் மிக மரியாதையாக விளக்கினாள். மகள் வந்து கையெழுத்துப் போட்டு அட்டை கிடைத்த பிறகு, அசெம்ப்ளி பற்றிய புத்தகம் வேண்டும் என்றேன். இயந்திரக் கட்டளைகளின் மொழிக்கு அதுதான் பெயர். அவள் மாகாணச் சட்டசபையின் வரலாறு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் படித்தேன். ஆள்கிறவர்களின் மொழியையும் பிரித்துப் படித்தால்தான் விளங்குகிறது.

6

இனி வரிசையாகப் படிப்பதில்லை என்று முடிவு செய்தேன். தெரிந்த இடத்திலிருந்து பின்னால் போகவேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்: 'நார்மல்'. அது கோப்பில் எங்கே இருக்கிறது? அந்த இடத்தை எந்தக் கட்டளை எடுக்கிறது? அந்தக் கட்டளைக்கு யார் வழி விடுகிறார்கள்? வாசற்படியிலிருந்து அடுக்களைக்குப் போவது போல அறை அறையாகப் பின்னே போனேன். ஒரு ஞாயிறு மதியம் அடுக்களை வந்துவிட்டது.

நிரல் ஒவ்வொரு விநாடியும் வாயு அளவைப் பார்க்கிறது. அளவு எல்லையைத் தாண்டினால் ஓர் எண்ணியில், அதாவது கவுண்டரில், ஒன்றைக் கூட்டுகிறது. எண்ணி தொண்ணூறைத் தொட்டால்தான் எச்சரிக்கை. நடுவில் ஒரே ஒரு விநாடி அளவு இறங்கினாலும் எண்ணியைப் பூச்சியமாக்கிவிடுகிறது.

இதை எழுதினவன் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. எங்கோ நான்கு சுவருக்குள், காற்றே அசையாத கூடத்தில் வைக்க எழுதியிருப்பான். பொய்யாகச் சைரன் அடித்துத் தொல்லை தரக்கூடாது என்று நினைத்திருப்பான். அதைக் கொண்டுவந்து எண்ணூரில் வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கடற்காற்று தொண்ணூறு விநாடி ஒரே சீராக வீசி யாராவது பார்த்திருக்கிறீர்களா? வீசும், நிற்கும், சுழலும், மறுபடி வீசும். ஒவ்வொரு வீச்சிலும் கருவியின் முன்னாலிருக்கும் வாயு விலகும், எண்ணி பூச்சியமாகும். தொட்டியே பாதி காலியானாலும் அந்தத் திரை பச்சையில் 'நார்மல்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான் நம்பவில்லை. படித்ததை வைத்து அந்த ஒரு பகுதியை மட்டும் என் மொழியில் மறுபடி எழுதி, காற்று விட்டு விட்டு வீசுவது போன்ற எண்களைக் கொடுத்து ஓட்டினேன். எச்சரிக்கை வரவில்லை. விடாமல் வீசுவது போலக் கொடுத்தேன். வந்தது. இந்த வித்தையில் தேர்ந்தவன் யார் என்று கேட்டால், என் அளவுகோல் இதுதான்: நிரல் என்ன செய்யப்போகிறது என்று அது செய்வதற்கு முன்னால் சொல்லத் தெரிந்தவன்.

உற்சாகமாக அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'நான் ஆராய்ந்தபோது' என்று முதல் வரி எழுதினேன், உடனே அதை அடித்தேன். விசாரணை அதிகாரி சாட்சியாக முடியாது. அவருக்குச் சொந்தமாகத் தெரிந்த எதையும் தீர்ப்பில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் விசாரணையே செல்லாது. நிர்வாகம் வேறு அதிகாரியைப் போடும். அவர் அச்சுத்தாளைப் பார்த்து ஒரே நாளில் முடிப்பார். இந்த விதியை எத்தனையோ பயிற்சி வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். மாதக்கணக்கில் உழைத்து, கௌதமனைக் காப்பாற்றும் ஒரே உண்மையை, அதைச் சொல்லவே கூடாத ஒரே ஆளின் தலைக்குள் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

கௌதமனுக்கும் அவன் தரப்புக்கும் ஜாடை காட்டவும் முடியாது. அது பாரபட்சம்.

7

விசாரணை அதிகாரி பேசக்கூடாது. ஆனால் விளக்கம் கேட்கலாம். சம்பவ இடத்தை இரு தரப்பு முன்னிலையில் நேரில் பார்வையிடலாம். விதியில் இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளரையும் வரவழைத்து, ஆய்வுக்கு நாள் குறித்தேன். பர்சனல் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

"சார், உங்கள விசாரணை பண்ணச் சொன்னோம், ஆராய்ச்சி பண்ணச் சொல்லல."

ஆட்சேபணையைக் குறிப்பில் ஏற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பொறியாளர் பெங்களூரிலிருந்து வந்திருந்த இளைஞர், நல்ல பையன். கருவியைச் சோதிக்கும் சிறிய அம்மோனியா சிலிண்டரையும், வாயுவைக் கருவியின் மேல் பிடிக்கும் கிண்ணத்தையும் அவரே கொண்டுவந்திருந்தார். கிண்ணத்தை விடாமல் பிடித்தார். சற்றுப் பொறுத்துத் திரை சிவந்தது, சோதனைதான் என்று குப்பத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்த சைரன் அலறியது. பர்சனல் மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஒரு விளக்கம்" என்றேன். "ஒரு நிமிஷம் பிடிங்க. ஒரு தடவை எடுத்துட்டு உடனே மறுபடி பிடிங்க. அப்படியே திரும்பத் திரும்ப."

"எதுக்கு சார்?"

"இங்க காத்து அப்படித்தான் அடிக்குது."

பிடித்தார், எடுத்தார், பிடித்தார். திரை பச்சையாகவே இருந்தது. கிண்ணத்திலிருந்து கசிந்த வாயு மெல்லப் பரவியது. பொறியாளருக்கு மூக்கு ஒழுகியது. பர்சனல் மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். பச்சை. மறுபடியும் பிடிக்கச் சொன்னேன். எல்லார் கண்ணிலும் நீர் வழிந்தது. சுருக்கெழுத்தாளர் எழுத முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார். பச்சை.

கௌதமன் மட்டும் பின்னால் தள்ளிக் கைகட்டி நின்றிருந்தான். அங்கிருந்து அவன் குரல் வந்தது.

"பர்சனல் சார் அழுவுறாரு. நார்மலுன்னு எழுதிக்கோங்க சார்."

பர்சனல் மேனேஜர் உட்பட எல்லாரும் ஆய்வுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார்கள். பொறியாளர் போகும்போது என்னைத் தனியே அழைத்து, ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். அனுபவம் என்றேன்.

8

இதை எல்லாம் மகளிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவள் எழுந்துபோய் அந்த ஒப்பந்தத்தை எடுத்து வந்தாள். பிறகு, அந்த வரியை எடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்றாள். அது எனக்கும் தெரியும். பாதுகாப்புக்காகச் சோதித்துப் பார்ப்பது இதில் அடங்காது என்று ஒரு விலக்கைச் சேர்க்கச் சொல்லி மேலே எழுதிப் பார்ப்பதாகச் சொன்னாள். எழுதினாள். பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை என்ற சொல் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே மொழிதான் பேசுகிறது.

எண்ணூரில், கௌதமன் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தேன். அவனை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். நிரலில் மாற்றம் செய்யத் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று மென்பொருள் நிறுவனம் எழுதியது. எங்கள் நிர்வாகமோ உடனே ஒரு காரியம் செய்தது. கைச் சைரனின் பொத்தானைச் சுற்றி இரும்புப் பெட்டி அடித்து, பூட்டுப் போட்டது. சாவி நிர்வாகக் கட்டடத்தில், ஷிப்ட் மேனேஜர் மேசையில். எழுத்தில் அனுமதி வாங்கித்தான் அழுத்த வேண்டும்.

கௌதமன் வேலையில் சேர்ந்த அன்று என் அறைக்கு வந்தான். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"என்னிய வேலைக்குச் சேத்துட்டீங்க சார். சைரனுக்கு வேல போய்ட்ச்சி."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை எழுதினேன், பதில் இல்லை. அடுத்த வாரம் பூட்டு காணாமல் போனது. பண்டகசாலையிலிருந்து வேறு பூட்டுக் கொடுத்தோம். அதுவும் காணாமல் போனது. மூன்றாவது கொஞ்சம் பெரிய பூட்டு. அது இரண்டு நாள் தாங்கியது. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் விசாரிக்க வேண்டியிருக்கும்.

தொழிற்சாலைப் பொருள் காணாமல் போனால் விசாரணை வைக்க வேண்டும் என்பது விதி. தேய்ந்து போனால் வேண்டாம். பண்டகசாலைப் பொறுப்பாளரின் கையெழுத்துப் போதும், அந்தப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. நான் மூன்று பூட்டுக்கும் 'தேய்மானம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பர்சனல் மேனேஜர் கோப்போடு வந்தார். இரும்புப் பூட்டு இரண்டே நாளில் எப்படி சார் தேயும் என்று கேட்டார். தேய்வதற்குக் குறைந்தபட்ச காலம் எதுவும் விதியில் சொல்லவில்லை என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். படித்துப் பார்த்தார். நான்காவது பூட்டைக் கேட்டு யாரும் எழுதவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டி திறந்தே கிடந்தது.